இரைச்சல் எப்போது இசையாகிறது?

ஏழாம் வகுப்பில் ஜப்பானியப் புல்லாங்குழல் இசை ஒன்றை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். அரை நிமிடம் தாண்டுவதற்குள் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். "பேய்ப் படத்துல வர்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்று ஒரு குரல் வரும். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று இன்னொரு குரல் கேட்கும். மூன்றாவது குரல் சினிமாப் பாட்டு போடச் சொல்லும்.

அந்தக் குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பலருக்கும் ஜாஸ் என்றால் ஆளுக்கொரு பக்கம் ஊதுவதுபோலத் தோன்றுகிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசை முடிவில்லாமல் நீள்வதாகப் படுகிறது. "நமக்குப் புரியாது" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கணக்குப் பாடத்தில் ஒரு மாணவர் "புரியவில்லை" என்றால் நாம் அப்படி விட்டுவிடுவதில்லை. எந்த இடத்தில் பிடி நழுவியது என்று தேடுகிறோம். அந்த ஒரு பிடி கிடைத்ததும் மாணவரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். பழக்கமில்லாத இசைக்கும் அப்படி ஒரு பிடி போதும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பார்ப்போம்.

காது எதை எதிர்பார்க்கிறது?

பாட்டு கேட்கும்போது காது சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. பல்லவி திரும்ப வரும், தாளம் இத்தனை எண்ணிக்கையில் சுற்றும், இந்த இடத்தில் குரல் இறங்கி நிற்கும் என்பதெல்லாம் தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராததால் அதை அறிவு என்றே நாம் நினைப்பதில்லை. ஊகம் பலித்தால் நிறைவு ஏற்படுகிறது. சற்றே தவறினால் வியப்பு ஏற்படுகிறது. ஊகிக்கவே வழியில்லாமல் போனால் கேட்பதெல்லாம் இரைச்சலாகிவிடுகிறது.

இதை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரும்பத் திரும்பக் கேட்பது. உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்து போன்ற குறிகளையும் முகப் படங்களையும் சிலருக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் காட்டினார். அதிகமுறை பார்த்தவை அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தன. பழக்கமே விருப்பத்தின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மற்றொரு வழி, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு கேட்பது. ஆசிரியர் உதவக்கூடிய இடம் இது.

விண்வெளிக்குப் போன இசைத்தட்டு

உலகில் இத்தனை இசை மரபுகள் இருக்க, எங்கிருந்து தொடங்குவது? அறிவியல் பாடத்தோடு ஒட்டிய ஒரு தயார்ப் பட்டியல் இருக்கிறது. 1977 ஆகஸ்ட் 20 அன்று வாயேஜர் 2 விண்கலமும், செப்டம்பர் 5 அன்று வாயேஜர் 1 விண்கலமும் ஏவப்பட்டன. வேற்று உலகில் யாரேனும் என்றாவது கண்டெடுத்தால் பூமியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று, ஒவ்வொரு கலத்திலும் தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான குழு அதன் உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. 55 மொழிகளில் வாழ்த்துகள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், இயற்கை ஒலிகள், இவற்றோடு ஏறத்தாழ 90 நிமிடம் ஓடும் 27 இசைப்பதிவுகள் அதில் உள்ளன. ஜாஸ், புளூஸ், ஐரோப்பியச் செவ்வியல் இசை, ஜாவா, ஜப்பான், பல்கேரியா, பெரு, இந்தியா எனப் பல மரபுகளின் இசையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியல் நாசாவின் வலைத்தளத்தில் கிடைக்கிறது. பதிவுகளும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன.

தேர்வின்போது நடந்த ஒரு விவாதம் ஆசிரியர்கள் அறிய வேண்டியது. சக் பெர்ரியின் ராக் பாடலைச் சேர்ப்பதை நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமக்ஸ் எதிர்த்தார். விடலைத்தனமான இசை என்பது அவருடைய கருத்து. பூமியில் விடலைப் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று சேகன் பதில் சொன்னதாகக் கூறப்படுகிறது. பாடல் தட்டில் இடம்பெற்றது.

எட்டு பதிவுகள், எட்டு பிடிகள்

அந்த 27இல் எட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிடி.

எண்ணுங்கள். சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' 1958இல் வெளிவந்தது. ராக் பாடலானாலும் அதன் எலும்புக்கூடு புளூஸ். நான்கு நான்காக எண்ணினால் 12 கட்டங்கள், மொத்தம் 48 எண்ணிக்கை. முதல் நான்கு கட்டங்களில் இசை வீட்டில் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் வெளியே கிளம்பி ஏழாவதில் திரும்புகிறது. ஒன்பதாவதில் இன்னும் தூரம் போய், பதினொன்றில் வீடு வந்து சேர்கிறது. பாடினாலும் கிட்டார் தனித்து ஒலித்தாலும் அடியில் இந்தச் சுற்று மாறாது. இதைப் பிடித்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான புளூஸ் பாடல்களுக்குள் நுழையலாம்.

ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் குழுவினரும் 1927இல் பதிவுசெய்த 'மெலங்கலி புளூஸ்' ஜாஸ் இசை. ஏழு பேர் வாசிக்கிறார்கள். கார்னெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் மேலே கொடிபோலச் சுற்ற, டிராம்போன் கீழே நின்று தாங்குகிறது. முதல்முறை கார்னெட்டை மட்டும் கேளுங்கள். அடுத்தமுறை கிளாரினெட்டை மட்டும். குழப்பமாகத் தோன்றியது உரையாடலாகிவிடும். எழுதிவைத்ததை அப்படியே வாசிக்காமல் அந்தக் கணத்தில் இட்டுக்கட்டுவதே ஜாஸின் உயிர். நம் கச்சேரிகளின் கற்பனைச் சுரம் இதற்குத் தூரத்து உறவு.

வளைவைக் கேளுங்கள். பார்வையற்ற பிளைண்ட் வில்லி ஜான்சன் தெருமுனைகளில் இறைப்பாடல் பாடியவர். 1927இல் அவர் பதிவுசெய்த பாடலில் சொற்களே இல்லை. வெறும் முனகலும் கிட்டாரும்தான். கம்பியின்மேல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் கிட்டார், கோட்டு வாத்தியம் கேட்ட காதுக்கு அந்நியமாக இருக்காது. சுரங்களுக்கு இடையே குரல் வளையும் இடங்களில்தான் துயரம் இருக்கிறது.

நான்கு தட்டல்களைத் தேடுங்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியது. மூன்று குட்டைத் தட்டல், ஒரு நெட்டைத் தட்டல் என்று தொடங்குகிறது. முதல் பகுதி முழுவதும் இந்த நான்கு ஒலிகளிலிருந்தே வளர்கிறது. அது வரும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டச் சொல்லுங்கள். எத்தனை வேடங்களில் வருகிறது என்று பிள்ளைகளே வியப்பார்கள்.

யார் அடுத்து வருகிறார் என்று பாருங்கள். பாக் இயற்றிய, பியானோவில் கிளென் கூல்ட் வாசித்த பதிவு ஒன்று தட்டில் உள்ளது. அதன் இரண்டாம் பகுதி ஃபியூக் என்னும் வடிவம். ஒரு குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கும். அது முடிந்ததும் இரண்டாம் குரல் அதே வாக்கியத்தை வேறு சுரத்தில் தொடங்கும். முதல் குரலும் ஓயாது. பிறகு மூன்றாவது குரல் வரும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசியும் ஒருவரையொருவர் மறிக்காத அதிசயம் இது.

பெரிய மணிக்குக் காத்திருங்கள். ஜாவாவின் அரண்மனை கேமலான் இசையில் வெண்கலத் தட்டுகளும் மணிகளும் அடுக்கடுக்காக ஒலிக்கும். மிகப் பெரிய தொங்குமணியின் ஆழ்ந்த ஓசை எப்போதோ ஒருமுறை வரும். ஒரு சுற்று முடிந்தது என்பதற்கு அது அடையாளம். அந்த ஓசைக்கு மட்டும் கையை உயர்த்தினால் போதும். சுற்றின் நீளம் தானே பிடிபடும்.

அடியில் நிற்கும் சுரத்தைக் கேளுங்கள். பல்கேரிய மலைப்பாடகி வால்யா பால்கான்ஸ்காவின் குரலுக்குத் துணையாகப் பைக்குழல் ஒலிக்கிறது. அதில் ஒரு குழல் ஒரே சுரத்தை விடாமல் ஊதுகிறது. நாதசுரத்துக்கு ஒத்து செய்யும் வேலை அது. அதே தட்டில் இந்தியாவின் சார்பில் கேசர்பாய் கேர்க்கர் இந்துஸ்தானி பைரவி ராகத்தில் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மொழியும் நிலமும் வேறானாலும் ஒரு நிலைச்சுரத்தின்மேல் குரல் நடப்பது இரண்டுக்கும் பொது என்பது விளங்கும்.

எண்ணாதீர்கள். ஜப்பானின் மூங்கில் குழலான ஷாகுஹாச்சியை கோரோ யமாகுச்சி வாசித்த பதிவு, நாரைக் கூட்டைப் பற்றியது. சீரான தாளம் இதில் இல்லை. மூச்சே அளவு. ஓர் ஊதல், ஓர் அமைதி, அடுத்த ஊதல். அமைதியையும் இசையின் பகுதியாகக் கேட்கத் தொடங்கும்போது இந்தப் பதிவு திறந்துகொள்கிறது. வகுப்பில் சிரிப்பு கிளம்பியது இந்த அமைதிகளில்தான்.

தட்டின் இறுதி வரிசை குறிப்பிடத்தக்கது. கடைசிக்கு முந்தையது பிளைண்ட் வில்லி ஜான்சனின் முனகல். கடைசி, பீத்தோவன் தம் செவித்திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த காலத்தில் இயற்றிய நால்வர் தந்தியிசையின் ஒரு பகுதி. பார்வையற்ற தெருப் பாடகரும் காது கேளாத மேதையும் அங்கே அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

ஒரு நூலைப் பிடித்துப் போவது

எட்டும் பழகிவிட்டால் அடுத்து எங்கே? கைப்பேசிச் செயலிகள் நாம் கேட்டதைப் போன்றதையே மேலும் மேலும் கொடுக்கும். புதியதை அடைய மூன்று கேள்விகள் உதவும். இவர் யாரிடமிருந்து எடுத்தார்? இவருக்குப் பின் யார் வந்தார்? இந்த இசை வேறு எந்த ஊருக்குப் போனது?

சக் பெர்ரியின் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் தொடக்கம், லூயி ஜோர்டன் குழுவின் 1946ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து வந்தது. 1955இல் சிகாகோவில் பெர்ரிக்கு ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு வழிகாட்டியவர் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ். அவரைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக்குப் போய்ச் சேரலாம். அங்கே, 1936, 1937ஆம் ஆண்டுகளில் 29 பாடல்களை மட்டும் பதிவுசெய்துவிட்டு 27 வயதில் இறந்த ராபர்ட் ஜான்சன் இருக்கிறார்.

ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து முன்னோக்கிப் போனால் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'கைண்ட் ஆஃப் புளூ' வருகிறது. அதன் முதல் பதிவில் அடித்தந்தி ஒரு கேள்வி கேட்கும். மற்றவர்கள் இரண்டே ஒலிகளில் பதில் சொல்வார்கள். அந்தப் பதிவு எழுப்பப்பட்ட சுரவரிசையை டோரியன் என்பார்கள். நம் கரகரப்பிரியாவின் சுர இடைவெளிகளும் அவையே. கரகரப்பிரியா கேட்ட காதுக்கு அந்த ஜாஸில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். அதில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், பண்டிட் ரவிசங்கர்மேல் கொண்ட மதிப்பால் தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

ஜாவா இசை 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது. அதைக் கேட்டு வியந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி. ஐரோப்பிய வயலின், பாலுசுவாமி தீட்சிதர் கைக்கு வந்து கருநாடக இசையின் பக்கவாத்தியமானது. பாக்கையும் தியாகராசரையும் ஒரே தட்டில் சந்திக்க வைத்து இளையராஜா 1986இல் ஓர் இசைத்தொகுப்பே தந்தார். எந்த நூலைப் பிடித்தாலும் அது ஓர் ஊரோடு நிற்பதில்லை.

வகுப்பறையில்

வாரத்துக்கு ஒரு பதிவு, பத்து நிமிடம் போதும். நீளமான பதிவானால் இரண்டு நிமிடப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அதை மூன்று முறை ஒலிக்கவிடுங்கள். முதல்முறை எதுவும் சொல்ல வேண்டாம். சிரித்தாலும் சிரிக்கட்டும். இரண்டாம் முறைக்கு முன் பிடியை மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் முறை உடம்பு வேலை செய்யட்டும்: தட்டலாம், நடக்கலாம், கோடு வரையலாம். தொடக்க நிலைக் குழந்தைகளுக்கு ஜாவா மணியும் பீத்தோவனின் தட்டல்களும் ஏற்றவை. நடுநிலை வகுப்புகளில் உலக வரைபடத்தில் ஒவ்வொரு பதிவின் ஊரையும் குறிக்கச் சொல்லலாம். உயர்நிலையில் ஒலி அலைகளையும் அடிமை வணிக வரலாற்றையும் இதனோடு இணைக்கலாம். கேட்கும் திறன் குறைந்த குழந்தை இருந்தால், ஊதிய பலூன் ஒன்றைக் கையில் கொடுத்து ஒலிபெருக்கியின் அருகே நிற்கச் செய்யுங்கள். அதிர்வு பலூன் வழியாக உள்ளங்கைக்கு வரும்.

"பிடித்ததா?" என்று கேட்பதைவிட "என்ன கேட்டது?" என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்குத் தீர்ப்பு வரும். இரண்டாவதற்குக் கவனிப்பு வரும். இதற்கு மதிப்பெண் வேண்டாம். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நாம் மூன்று முறை கேட்டிருப்பது மட்டும் கட்டாயம்.

இருபத்தெட்டாவது பதிவு

எந்தப் பட்டியலிலும் விடுபடல் உண்டு. வாயேஜரின் 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. 27 பதிவுகளில் நாதசுரமும் இல்லை, பறையும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லி நிறுத்திவிடாமல் வகுப்புக்கு ஒரு வேலையாகக் கொடுக்கலாம்: "இருபத்தெட்டாவது இடம் உங்களுக்கு. எதை அனுப்புவீர்கள்?"

வரும் பதில்களில் சினிமாப் பாட்டு இருக்கும். பாட்டியின் தாலாட்டும், கோவில் தேவாரமும், கானாவும் இருக்கலாம். ஆனால் ஒரு குழந்தை பேசாமல் இருக்கக்கூடும். அப்பா இழவு வீட்டில் பறை இசைப்பவர் என்பதைச் சொன்னால் வகுப்பு என்ன சொல்லுமோ என்று அதற்குத் தெரியும். அந்தக் குழந்தையை எழுப்பிக் கேட்கக் கூடாது. அதற்கு முன்பே நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பாக்கையும் ஜாவா மணியையும் எப்படிக் கேட்கவைத்தோமோ, அதே அக்கறையோடு ஏதோ ஒரு வாரத்தில் பறையையும் கேட்கவைத்திருக்க வேண்டும். தோலை நெருப்பில் காய்ச்சி ஒலி கூட்டுவது எப்படி, மெல்லிய நீண்ட குச்சியும் தடித்த குட்டைக் குச்சியும் எழுப்பும் ஒலிகள் எப்படி வேறுபடுகின்றன, அடி எத்தனை எண்ணிக்கையில் சுற்றுகிறது என்று அதே கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். புளூஸும் அடிமைகளாக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பாடியது, இழிவானதென்று ஒதுக்கப்பட்டது. இன்று அந்த மரபின் முனகல் ஒன்று சூரியனின் செல்வாக்கு எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இதை வகுப்பு அறிந்திருந்தால் அந்தக் குழந்தை தானாகவே கையை உயர்த்தக்கூடும். உயர்த்தாவிட்டாலும், தன் வீட்டு இசை வகுப்பில் மரியாதையோடு கேட்கப்பட்டதை அது பார்த்திருக்கும்.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சிறுவயதுக் கதையோடு முடிக்கலாம். புத்தாண்டு முன்னிரவில் தெருவில் துப்பாக்கியை வானோக்கிச் சுட்டதற்காக, பதினோரு வயதில் நியூ ஆர்லியன்ஸின் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இசை கற்பித்தவர் பீட்டர் டேவிஸ். கெட்ட பேட்டையிலிருந்து வந்த பையன் என்பதால் முதலில் டேவிஸுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று ஆம்ஸ்ட்ராங் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். பிறகு ஒருநாள் கையில் ஒரு தாம்பூரினைக் கொடுத்தார். கஞ்சிராவைப் போன்ற சிறு வாத்தியம் அது. பையன் தாளத்தைப் பிடித்த விதத்தைப் பார்த்து அடுத்த வாத்தியத்தைக் கொடுத்தார். அப்படியே கார்னெட் வரை கொண்டுவந்தார். இல்லத்தின் வாத்தியக் குழுவுக்கு அந்தப் பையனே தலைவனானான். டேவிஸ் செய்தது பெரிய காரியமாகத் தோன்றாது. தன் முதல் தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்னொரு முறை காதுகொடுத்துக் கேட்டார்.